மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள்

கராடி, புனே
14.10.2008, செவ்வாய் இரவு

அன்புள்ள சுந்தரமூர்த்தி மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அமலா மாமியிடம்கூடக் காட்டக் கூடாது. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். கூட வைத்திருக்கும் புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வேண்டியிருக்கும். அப்பாவுக்கு போன் செய்து, உன் பொண்ணு எனக்கு லெட்டர் போட்டிருக்குதே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர். உங்களுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். நான் நலமாக இல்லை. அதனால் விசாரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கூடிய ஒரே இடம் குளியலறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பரீட்சை அட்டை மடியில் இருக்கிறது. இடது கையால் காகிதத்தைப் பிடிக்க முடியாததால் ஜாமெட்ரி பாக்ஸை அதன் மேல் வைத்திருக்கிறேன். அது நழுவும்போதெல்லாம் வரி கோணிப்போகிறது. தமிழில் தப்பு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் நாளைக்கு இதை என் வகுப்பில் படிக்கும் மிருண்மயியிடம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், அவள் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டாள். தமிழ் என்றால் அவளுக்கு ஜாங்கிரி சுற்றியதுபோல் இருக்குமாம்.

என் இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆள்காட்டி விரலில் நான்கு தையல். நடுவிரலில் நகம் போய்விட்டது, நுனி எலும்பில் விரிசல். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லேசா நசுங்கிடுத்து என்றுதான் அப்பா ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொன்னார்.

அப்போது நான் அப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரல் போனுக்கு வெளியே வந்து எங்கள் ஹால் முழுக்கக் கேட்கும், உங்களுக்கே தெரியும். "கொழந்தை விளையாட்டுத்தனமா கையை விட்டுட்டா. பூஜைக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையோட நார் ரப்பர்ல சிக்கிண்டு கதவு தொறக்கலை. வேற ஒண்ணுமில்லை" என்று அப்பா சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். "அம்மிணி எப்பவுமே வாலாச்சே! ஒரு சாக்லேட்டு வாங்கிக் குடு ரங்கா" என்றீர்கள். அப்புறம் ஃபேக்டரியிலிருந்து கதவுகள் எப்போது கிளம்புகின்றன என்று கேட்டீர்கள். ரிப்போர்ட் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அப்பா சொன்னதும், "நீ கையெழுத்துப் போட்டாப் போதும். நான் பொட்டியைப் பிரிக்கவே மாட்டேன், நேரா மெட்ரோ கோச்சுக்கு அனுப்பீருவேன்" என்றீர்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது மாமா. அம்மிணிகிட்ட போனைக் குடு என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அப்பா பக்கத்தில் இருந்தாலும் நடந்ததைச் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நம் ஆயுத பூஜை அன்றைக்கு இங்கே கண்டே நவமி. நீங்கள் ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் இருந்தபோது எங்களோடு வந்திருக்கிறீர்கள், எப்படி இருக்கும் என்று தெரியும். இந்த வருஷமும் எல்லோர் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லா மெஷினுக்கும் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பேடா கொடுத்தார்கள். நடுவில், உங்கள் ஊர் மெட்ரோவுக்குச் செய்த கதவு ஒரு ஜோடியை ரயிலில் இருப்பதுபோலவே இரும்புச் சட்டத்தில் மாட்டி, குறுக்கே சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொருத்தரிடமும் போய், இந்தக் கதவு ஓடப்போற ஊர்லதான் நம்ம சுந்தரமூர்த்தி இருக்கான், சரக்கை வாங்கிப் பாக்கறதே அவன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் உங்களைப் பற்றிச் சொல்லாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடிவதில்லை.

அந்தக் கதவு என்ன செய்யும் என்று எனக்கு மனப்பாடம். அப்பா எங்கள் சமையலறைக் கதவை வைத்து நூறு தடவை செய்து காட்டியிருக்கிறார். நடுவில் ஏதாவது சிக்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். திரும்ப மூடிப் பார்க்கும். மூன்று தடவை பார்க்கும். மூன்றாவது தடவையும் சிக்கினால் திறந்தே நின்றுவிடும், ரயில் நகராது. "கதவுக்குக் கோவமே கெடையாது. மூணு தடவை கேக்கும், அப்புறம் வழி விட்டுடும்" என்பார்.

முதலில் மேனேஜர் இனாம்தார் சார் முழங்கை வரை கையை விட்டார். கதவு அவர் கையைத் தொட்டுவிட்டுத் திறந்துகொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் பேடா தின்றுகொண்டிருந்தேன் மாமா. நானாகப் போகவில்லை. "சுப்ரஜா, இங்க வா. சின்னக் கைதான் சரியான டெஸ்ட்" என்று அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டார். நான் போய் நின்றதும், "மொதல்ல மாலையை எடுத்துடு. நார் எதுலயாவது போய் சிக்கும்" என்றார். நான் மாலையைக் கழற்றி வலது கையில் வைத்துக்கொண்டேன். அப்பா சொல்லித்தான் கழற்றினேன். கதவு மூடியபோது மாலை என் கையில் இருந்தது. இதை நீங்கள் இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

இடது கை விரலை நீட்டினேன். அப்பா பட்டனை அழுத்தினார். கதவு வந்து மூடியது. மூடியே இருந்தது.

நான் உடனே கத்தவில்லை. இதோ திறக்கும், இப்போது திறக்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வரைக்கும் எண்ணினேன். அதற்கு அப்புறம்தான் கத்தினேன். யாரோ ஓடி வந்து மேலே இருந்த சிவப்புப் பிடியை இழுத்தார்கள். அது அப்பா இல்லை. அப்பா பட்டன் மேல் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மாலை கீழே விழுந்து எல்லோர் காலிலும் மிதிபட்டது. என்னைக் காரில் ஏற்றும்போது இனாம்தார் சார் அந்த நாரைக் கையில் தூக்கிப் பிடித்து, பாருங்கள், இதுதான் கதவில் சிக்கியிருக்கிறது என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது அப்பா. விளையாடிக்கொண்டிருந்தாள் என்று மராத்தியில் சொன்னார். தையல் போட்டபோது எனக்கு வந்த அழுகை விரலுக்காக இல்லை.

மறுநாள் தசரா. இனாம்தார் சார் பாகர்வடிப் பலகாரப் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கே தசராவுக்குத் தங்கம் என்று சொல்லி ஆப்டா இலை கொடுப்பார்கள் இல்லையா, அதில் ஒன்றை என் நல்ல கையில் வைத்து, தங்கம் எடுத்துக்கோ பேட்டா, தங்கம்போல் இரு என்றார். உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு, யாராவது ஆபீசர் வந்து கேட்டால் என்ன சொல்வாய் பேட்டா என்று மெதுவாகக் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை சிக்கியது என்று நான் சொன்னேன். ஷாபாஷ் என்று என் தலையைத் தட்டினார். நல்ல பெண், அப்பாவின் வேலை உன் கையில்தான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் மணி அடித்தால் இந்தக் குளியலறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். அந்த இலையை இங்கேயே டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான் சொன்ன வார்த்தையை அப்படித் தண்ணீர் ஊற்றித் தள்ள முடியவில்லை.

அவர் போன பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க அவளைக் கையை விடச் சொன்னேளா, இல்லையா?" அப்பா இந்தக் குளியலறைக்குள்தான் வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா மறுபடி கேட்கவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவை கேட்டால் போதுமா?

அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பா அம்மாவிடம் பேசினார். கதவு விளிம்பில் வரும் கறுப்பு ரப்பர் இருக்கிறதே, வழக்கமாக அனுப்புகிறவர்களால் நேரத்துக்குத் தர முடியவில்லையாம். ஆகஸ்டில் வேறு இடத்தில் வாங்கினார்களாம். "புது ரப்பர் கொஞ்சம் வெறைப்பா இருக்கு. பெரியவா கைன்னா கதவுக்குத் தெரியறது. விரல் மாதிரி சின்னதா இருந்தா தெரியலை. நான் என் கையை வெச்சுப் பாத்துட்டு ஓகேன்னு எழுதிட்டேன், லீலா" என்றார். ரூல்படி மெல்லிசான கம்பியையும் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அவசரத்தில் பார்க்கவில்லையாம். இப்போது நாற்பத்தெட்டுக் கதவிலும் அந்த ரப்பர்தான். மாற்றினால் இரண்டு மாதம் ஆகும், ஆர்டர் கைவிட்டுப் போய்விடும், லைனை மூடினால் எல்லோரும் என்னைத்தான் காட்டுவார்கள் என்றார். அம்மா அழுதாள். அப்பா அழுதாரா என்று தெரியவில்லை. இருட்டாக இருந்தது.

அப்பாவுக்குத் தெரியும் மாமா. எனக்கு ஆத்திரம் அதில்தான். தெரியாமல் செய்திருந்தால் என் விரல் போனால் போகிறது என்று இருந்துவிடுவேன். தெரிந்தே என்னை விளையாட்டுப்பிள்ளை ஆக்கிவிட்டார். ஸ்கூலில் எல்லோரும் கேட்கிறார்கள். கெமிஸ்ட்ரி மேடம்கூட, பதிமூன்று வயதில் மெஷினில் கையை விடுவாயா என்று வகுப்பில் வைத்துக் கேட்டார். ஆமாம் மேடம் என்று நின்றேன்.

இப்போது அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். ரிப்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். சாப்பிடும்போது ரசத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். பூஜை அலங்காரத்தின் நார் சிக்கியதால் கதவு திறக்கவில்லை, கதவில் குறை எதுவும் இல்லை, அனைத்துச் சோதனைகளும் நேரில் பார்க்கப்பட்டன என்று டைப் அடித்திருக்கிறது. கீழே அப்பா பெயர். அதற்கு மேலே காலி இடம். நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது அது கையெழுத்தோடு போக வேண்டும். வியாழக்கிழமை லாரி கிளம்புகிறது. ஒன்பது மணியிலிருந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான் தண்ணீர் குடிக்கிறமாதிரி போய்ப் பார்த்தேன், இன்னும் போடவில்லை. ஆனால் போட்டுவிடுவார். எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒரு தடவை எங்கள் வீட்டில் அடை சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். ஒரு போல்ட் கணக்கில் குறைகிறது என்று அப்பா ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே போன லாரியை மழையில் ஓடிப்போய் நிறுத்தினார், டிரைவர் திட்டத் திட்ட நீங்கள் இரண்டு பேரும் பதினொரு பெட்டியைப் பிரித்தீர்கள், கடைசியில் அந்த போல்ட் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது என்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாகூட வெட்கப்பட்டுச் சிரித்தார். அன்றைக்கு நீங்கள், இந்த மாதிரி ஒரு கிறுக்கன் கையெழுத்துப் போட்டா நான் எதுக்குப் பொட்டியைப் பிரிக்கணும் என்றீர்கள். நீங்கள் நம்புவது அந்தக் கையெழுத்தை. ஆனால் லாரியை நிறுத்திய அப்பா வேறு. ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர் வேறு. கையெழுத்து மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் சொல்வதை நம்பாவிட்டால் புகைப்படத்தைப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமென்று நேற்று சந்தன்நகர் ஸ்டூடியோவுக்குப் போனேன். பூஜைக்கு வந்து படம் எடுத்ததும் அதே ஸ்டூடியோக்காரர்தான். என் கட்டைப் பார்த்ததும், அரே, நீதானே அந்தப் பெண் என்று பாவப்பட்டு, கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுச் சும்மாவே கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. என் வலது கையைப் பாருங்கள், முழு மாலையும் அதில்தான் இருக்கிறது. கதவில் ஒரு பூகூட இல்லை. இடது கை கதவுக்கு நடுவில். பக்கத்தில் அப்பா, விரல் பட்டன் மேல். அவர் கதவைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். அந்தப் படத்தில் எனக்குப் பத்து விரலும் நன்றாக இருக்கிறது.

லாரி உங்கள் ஊர் வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்று அப்பா சொன்னார். ஸ்பீட் போஸ்ட் மூன்று நாள். மிருண்மயியின் அம்மா வேலை செய்யும் பேங்குக்குக் கீழேயே போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது, நாளைக்கே போட்டுவிடுவார்கள். அதனால் கதவு வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும்.

நீங்கள் அதிகமாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். நானாகத்தான் திறந்தேன், சும்மா ஒன்று எடுத்துப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். கதவை மாட்டி நடுவில் ஒரு பென்சிலை வையுங்கள். உங்கள் கையை வைக்காதீர்கள், உங்கள் கை தடியானது, அதற்குத் திறந்துவிடும். பென்சில் உடைந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புங்கள். அப்பா பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். ரப்பர் சரியில்லை என்று மட்டும் எழுதுங்கள், அது உண்மைதானே. அப்பாவைத் திட்ட வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அவரை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ரங்கா அப்படிச் செய்ய மாட்டான், குழந்தை கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று மடித்து வைத்துவிட்டீர்களானால் ஒன்று சொல்கிறேன். மெட்ரோ ஓட ஆரம்பித்த முதல் நாளே உங்கள் அம்முவைக் கூட்டிக்கொண்டு போவதாக நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள். அம்முவுக்கு ஐந்து வயது. அவள் விரல் என் விரலைவிட மெலிசு. கதவு மூடும்போது அவளும் திறக்கும் என்று எண்ணிக்கொண்டு நிற்பாள்.

மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவின் கையெழுத்தை இந்த ஒரு தடவை மட்டும் நம்பாதீர்கள். இந்த ஒரு தடவை அப்பா பிழைத்துவிட்டால் அப்புறம் நீங்கள் அவரை எப்போதும்போல் நம்பலாம். நானும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டினால் வளையல் சத்தம் கேட்கும். இது அப்பா.

படத்தைக் கவருக்குள் வைத்துவிட்டேன். கடிதத்தை ஒளித்து வைக்க இங்கே இடமே இல்லை, எல்லாம் ஈரம்.

திரும்பவும் தட்டுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது, காகிதச் சத்தம் கேட்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

மூன்றாவது தடவை. "கதவைத் தொறம்மா. மெதுவாத் தொற, கை ஜாக்ரதை" என்கிறார். மாமா, நான்